வாளிமேல் உட்கார்ந்த வல்லூறு

வடக்குப் புல்வெளிப் பறவை நண்பர்கள் சங்கத்து மடல் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஆர்விட் வணக்கத்துடன் சொல்லச் சொல்ல, மனைவி தோரா எழுதுவது. இவ்விடம் நான், தோரா, என் வலது முழங்கால், மூவரும் சுகம். இடது முழங்காலைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

தெற்கே மலை வெடித்து அதன் சாம்பல் எங்கள் அல்பர்ட்டா வயல்வரை வந்து விழுந்ததே, எங்கள் சிவப்புப் பசு இரட்டைக் கன்று போட்டதே, அந்த வருஷம் நடந்தது இது. எனக்குப் படிக்கத் தெரியாது, மறக்கவும் தெரியாது. உயிரோடு இரண்டு சாட்சிகள் இல்லாத பழைய பறவைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாக உங்கள் மடலில் போட்டிருப்பதைத் தோரா வாசித்தாள். என் மச்சான் குன்னார் பார்த்த வெள்ளை வல்லூறும் அதில் போயிற்றாம். செத்தவன் பறவையைப் பறிக்கலாமா ஐயா?

குன்னார் தோராவின் அண்ணன். அவன் கண்கள் ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்தன. அடுத்த கோடை வரை தாங்காது என்றார் டாக்டர். இருட்டுவதற்குள் வெள்ளை வல்லூறு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்றான். பக்கத்துப் பண்ணை எமிலிடம் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி ஒன்று இருந்தது; அதில் நால்வரும் வடக்கே யூகானுக்குக் கிளம்பினோம். சரளைக் கல்லில் இரண்டு டயர் போயிற்று, ஒரு கடமான் முன்கண்ணாடியை நக்கிவிட்டுப் போயிற்று, காபியில் சர்க்கரையைவிடக் கொசு அதிகம், எமில் வழியெல்லாம் என் மாமியாரைத் திட்டினான், அது எனக்குப் பிடித்திருந்தது, தோராவுக்குப் பிடிக்கவில்லை, இப்படியே போய்க் கண்ணுக்கெட்டியவரை ஒரு மரமில்லாத வெளிக்கு வந்தபோது குன்னார் கத்தினான்.

"மாப்ளே, நிறுத்தச் சொல்லு! பாறைமேல வெள்ளையா... அதேதான்!"

இறங்கினோம். எமில் பைனாக்குலரில் பார்த்தான். "யோவ், அது வாளிய்யா. ரோடு போட்டவன் விட்டுட்டுப் போன பிளாஸ்டிக் வாளி. கைப்பிடிகூடத் தெரியுது."

"உன் கண்ணு லட்சணம் அவ்வளவுதான். எனக்கு அலகு தெரியுது."

நான் எமிலின் காலை மிதித்தேன். "சும்மா இருடா. வாளியையாவது பாத்துட்டுப் போகட்டும்."

அப்போது காற்று நின்றது. வானத்திலிருந்து ஒரு துண்டு வெண்மை பிரிந்து, சத்தமே இல்லாமல் இறங்கி, அந்த வாளிமேல் உட்கார்ந்தது.

"மாப்ளே," என்றான் குன்னார், "அது வளருது!"

புல்லிலிருந்து பனிக்கௌதாரிகள் கூட்டமாக எழுந்தன. வல்லூறு பாய்ந்தது. புதுத்துணி கிழிகிற மாதிரி காற்று கிழிந்தது. எங்கள் தலைக்குமேல் அத்தனை தாழ்வாகப் போனதில் குன்னாரின் தொப்பி பறந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை. வாய் ஓயாத எமில் தேவாலயத்தில் நிற்பதுபோல் கை கட்டி நின்றான்.

"இனி இருட்டுனா இருட்டட்டும், மாப்ளே," என்றான் குன்னார்.

தோரா எங்களுக்குப் பின்னால் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான். அந்த அமைதியில் எங்கோ ஒரு மரங்கொத்தி மட்டும் டொக் டொக்கென்று விடாமல் தட்டியது. அதையும் கணக்கில் சேர்க்கவும்.

தங்கள் கண்ணும் காதும் நூறு வயதுவரை தெளிவாக இருக்கக் கடவுள் அருளட்டும். குன்னார் போய்விட்டான். எமிலும் போனான். சாட்சிதானே வேண்டும்? அன்று அங்கே நின்றவர்களில், என்னை விட்டால், உயிரோடு இருப்பது இதை எழுதுகிற தோரா.

பி.கு.: ஐயா, இது தோரா. அவர் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். ஆனால் வல்லூற்றின் ஓர் இறகைக்கூட நான் பார்க்கவில்லை. வண்டிக் கழிவறையின் தாழ் சிக்கி, உள்ளே மாட்டிக்கொண்டு, கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். மரங்கொத்தியைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். தாழ் தானாக விட்டு நான் இறங்கி வந்தபோது மூவரும் பேச்சற்று நின்றார்கள். திட்ட மனம் வராமல் நானும் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் அண்ணன், நான் ஒரு குரல் கொடுத்தால் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடி வருகிறவன். அன்று நான் அத்தனை தட்டியும் அவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு வேண்டுமானால் நான் சாட்சி.