சத்தம் எங்கே கசிகிறது?

கம்ப்யூட்டரில் பாட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே இருந்தது. வீட்டில் இருந்தவர்கள் காதில்தான் எதுவும் விழவில்லை.

"சத்தம் வரலை," என்றார் வாஷர், போனில்.

"ஸ்பீக்கர்ல லைட் எரியுதாப்பா?" என்று மகள் வெளியூரிலிருந்து கேட்டாள். தன்னுடைய பழைய கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்பி வைத்தவள் அவள்தான்.

"எரியுது. சிவப்பா முறைச்சுக்கிட்டு இருக்கு."

"ஸ்பீக்கர் வயரைப் பச்சை ஓட்டையிலதானே சொருகினீங்க?"

"பச்சையிலதான். லூசா இருக்கக் கூடாதுன்னு டேப் சுத்தியே சொருகியிருக்கேன்."

"என்ன டேப்?"

"நம்ம டேப்தான். குழாய் மரையில சுத்துற வெள்ளை டேப்பு. ஒரு சொட்டு கசியாது."

மகள் சொன்னாள்: "அப்பா, அதுக்குள்ள தண்ணி வரலைப்பா."

வாஷர் ஒரு பிளம்பர். எந்த வீட்டில் எது ஒழுகினாலும், உள்ளே கால் வைக்கும்போதே "வாஷர் போயிருக்கும்" என்பார். பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிட்டதால் அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் யாரும் வழி சொல்ல மாட்டார்கள்.

கொஞ்ச காலமாக அவர் வேலைக்குப் போகவில்லை. மனைவிக்கு ஒரு ஆபரேஷன் முடிந்திருந்தது. பாதி உடம்பாக இளைத்து வீடு வந்து சேர்ந்திருந்தாள். அடுத்த வாரம் இன்னொரு ஆபரேஷன். "அதோட சரியாயிடும்ல, டாக்டர்?" என்று கேட்டதற்கு டாக்டர், "பாப்போம்," என்றார். அந்தச் சொல்லின் கனம் வாஷருக்குத் தெரியும். சுவருக்குள்ளே குழாய் மொத்தமும் அரித்துப்போய்விட்டது என்று கண்டுபிடித்த பிறகு, வீட்டுக்காரரிடம் அவரும் "பாப்போம்" என்றுதான் சொல்வார்.

கிளம்பும்போது டாக்டர், "மனசுக்கு இதமா பாட்டு கேக்கட்டும். அதுவும் மருந்துதான்," என்றார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார் வாஷர்.

டாக்டர் சிரித்தார். வாஷர் சிரிக்கவில்லை. ஊசி போட நர்ஸ் வந்துவிடுகிறாள். சமையலுக்கு அவர் கை லாயக்கில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. மனைவிக்கென்று அவரால் செய்ய முடிந்த ஒரே காரியம் இந்தப் பாட்டுதான். ஆபரேஷனுக்கு முன்னால் அவளுக்குப் பிடித்த பாட்டுகளை அவள் அலுக்க அலுக்கக் கேட்டுவிட வேண்டும். ஏன் அதற்கு முன்னால் என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவருக்குத் தைரியமில்லை.

டேப்பைப் பிரித்து வயரைச் சொருகியதும் பாட்டு வந்தது. கட்டிலையொட்டிய மேசையில் இருந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களும் கணீரென்று பாடின. அவள் விரல்கள் போர்வை மேல் தாளம் போட்டன.

வாஷர் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தாளம் நின்றது. பாட்டை அவர் எங்கே கேட்டார்? துருத்திக்கொண்டிருந்த அவள் கன்னத்து எலும்பையும், மூச்சு ஏறி இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"நல்லா இருக்காம்மா?"

"ம்."

"சத்தம் ஜாஸ்தியா இருக்கா?"

"இல்லை."

"குறைச்சலா?"

"சரியா இருக்குங்க."

"வலி ஏதாவது...?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, "வெந்நீர் வேணும்," என்றாள்.

அவர் அடுப்பில் தண்ணீரை வைத்ததுதான் தாமதம், அறையில் பாட்டு பட்டென்று நின்றது. ஓடி வந்து பார்த்தார். பச்சைக் கோடு அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?"

"தெரியலையே. அதுவா நின்னுடுச்சு," என்றாள் மனைவி.

வாஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றார். "ஏண்டா ஊமைக் கோட்டானே, இப்பதானேடா தொண்டை கிழியப் பாடின? கரண்டைக் குடிச்சுட்டு ஏப்பம் விடுறதுக்கா உன்னைப் பெட்டியில வச்சு அனுப்பினாங்க? உன்னைச் செஞ்சவன் கையில கிடைச்சான்னா, சாக்கடைக் குழாய்க்குள்ள விட்டு மறுபக்கம் இழுப்பேன்!"

திட்டிக்கொண்டே வயரைக் கண்ணால் அளந்தார். கோளாறு புரிந்துவிட்டது. மேசைக் காலில் ஒரு வளைவு, சுவரோரம் ஒரு வளைவு, ஸ்பீக்கருக்கு ஏறும் இடத்தில் இன்னொரு வளைவு. இத்தனை வளைவிருந்தால் மாடித் தொட்டித் தண்ணீரே கீழே வராது, சத்தம் எப்படி வரும்?

"சத்தத்துக்கு வளைவெல்லாம் கிடையாதுப்பா," என்று மகள் போனில் கெஞ்சினாள்.

"நீ படிச்சவ, சொல்லுவ. அனுபவம் வேற." எல்லா வயரையும் கழற்றினார். மட்டப் பலகை வைத்துப் பார்த்து, சுவரில் ஆணியடித்து, ஒரு சுளிவில்லாமல் வயரை இழுத்துக் கட்டினார். மறுபடி சொருகினார். பாட்டு வந்தது.

"பாத்தியா!" என்றார் போனிடம்.

பிறகு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். குரல் தானாகவே இறங்கிவிட்டது. "இப்ப நல்லா இருக்காம்மா? கால் பிடிச்சு விடட்டுமா? ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிற?"

அவள் முதுகு வலி மாத்திரை தீர்ந்துவிட்டது என்றாள். அவர் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பும்போது படிக்கட்டிலேயே தெரிந்துவிட்டது. வீடு நிசப்தமாக இருந்தது.

இந்த முறை சந்தேகம் ஸ்பீக்கர் மேல் விழுந்தது. காதை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. வலையைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே காகிதக் கிண்ணத்தில் தூசி.

"அடைப்பு," என்றார்.

குளியலறையிலிருந்து அடைப்பெடுக்கும் ரப்பர் பம்பைக் கொண்டு வந்தார். "வாயைத் திறக்க மாட்டியா? எத்தனை மாடிக் கட்டடத்து அடைப்பெல்லாம் எடுத்தவன்டா நான். என்கிட்டயே வாயை இறுக்கிக்கிறியா? கக்குடா! கக்குன்னா கக்கணும்!" ஸ்பீக்கரின் வாயில் பம்பை வைத்து அமுக்கி, ஒரு காலை மேசையில் ஊன்றி ஒரே இழுப்பாக இழுத்தார். பொளக்கென்று அடைப்பு வந்தது. கூடவே ஸ்பீக்கரின் குடலும் வந்தது.

பின்னால் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டுத் திரும்பினார். மனைவி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தோள் குலுங்கியது.

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்லை... ஒண்ணுமில்லை..." குரல் உடைந்து வந்தது. "நீங்க வேலையைப் பாருங்க."

அழுகிறாள் என்று வாஷருக்குப் புரிந்தது. நெஞ்சை யாரோ ரெஞ்சு வைத்துத் திருகியது போல இருந்தது. இவள் கடைசியாகக் கேட்கும் பாட்டைக்கூட ஒழுங்காகப் போட்டுக் கொடுக்க வக்கில்லாதவனாகிவிட்டேனே என்று கையில் பம்போடு நின்றார்.

கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற கடைக்குப் போய் ஒரு ஸ்பீக்கர் எடுத்து வந்தார். பீரோ உயரம் இருந்தது. மாடிக்கு ஏற்றவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது. எல்லா வயரையும் கழற்றி மாட்டி முதல் பாட்டைப் போட்டதும் ஜன்னல் கம்பி கிடுகிடுத்தது. மாத்திரைப் புட்டி தானாகவே நடந்து மேசை விளிம்புக்கு வந்தது. அடுத்த நிமிடம் கீழ்வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"என்னங்க இது? எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம் கீழே விழுந்துடுச்சு!"

"கோவிச்சுக்காதீங்க. டாக்டர் எழுதிக் குடுத்த மருந்து."

"உங்க வீட்டு மருந்தை நாங்களும் குடிக்கணுமா?"

அவர் போனதும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வாஷர் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து கையைப் பிடித்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அவள் இன்னொரு தலையணை கேட்டாள். உள்ளறையில் தலையணை எடுக்கும்போது பாட்டு நின்றது.

வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நிமிர்ந்தார்.

"வயரே சொருகலையே சார்."

"என்ன விளையாடுறீங்களா? என் கையால சொருகினேன்."

"அப்ப அதுவா இறங்கி வந்து தரையில படுத்துக்கிச்சா?"

வாஷர் குனிந்து பார்த்தார். மெக்கானிக் வயரைச் சொருகிவிட்டுக் கிளம்பும்போது, ஊசி போட வந்திருந்த நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டார். "படுத்திருக்கிற அம்மாவை நீங்க பாத்துக்கிறீங்க, சரி. இவரை யாரு பாத்துக்கிறா?" தனியாகத்தான் கேட்டார். ஆனாலும் வாஷர் காதில் விழுந்துவிட்டது.

அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சொருகினது நிஜம்தானா? கொஞ்ச நாளாகச் சாவியை வைத்த இடம் மறக்கிறது. தூங்கியும் நாளாகிறது. புத்தி பேதலித்துவிட்டால் இவளுக்கு யார் மாத்திரை எடுத்துக் கொடுப்பது? ஆஸ்பத்திரி வாசலில் யார் காத்திருப்பது?

மனசு பயந்தாலும் கை தொழில் தெரிந்த கை. இரண்டு களிம்பைச் சேர்த்துப் பிசைந்து குழாய் வெடிப்பில் அப்புகிற பசையை எடுத்து வந்தார். வயர் சொருகியிருந்த இடத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தி அப்பினார். அது இறுகினால் கல். உளியால் செதுக்கினாலொழிய வராது.

"இனிமே நீ எப்படி இறங்கறன்னு பாக்கறேன்டா, ஓடுகாலிப் பயலே!"

அன்று சாயங்காலம் முழுவதும் பாட்டு நிற்காமல் ஓடியது. வாஷரும் ஸ்டூலைவிட்டு அசையவில்லை. ஒரு பாட்டின் நடுவில் அடக்க முடியாமல் அவள் கையில் முகத்தைப் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நர்ஸ் வந்ததும் அவர் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது வீட்டில் சத்தமில்லை. பசை அப்படியே கல்லாக இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி வயர் இரண்டு துண்டாகக் கிடந்தது.

வாஷருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. "எலி! எனக்கு ஒண்ணும் ஆகலை! எல்லாம் எலி பண்ற வேலை!" என்று ஈரத் தலையோடு கூவினார். "அடேய், இத்தனை மாடி ஏறி வந்து என் வயர்லயா வாய் வைக்கிற? உன் மீசையைப் பிடுங்கி உனக்கே பல்லு குத்த வைக்கலை, நான் பிளம்பர் இல்லைடா!"

"எலியா?" என்றாள் மனைவி. மறுபடி போர்வைக்குள் போய்விட்டாள். மறுபடி தோள் குலுங்கியது.

வயரை ஒட்டுப்போட்டார். கடைக்குப் போய் ஒரு எலிப்பொறி வாங்கி, மேசைக்குப் பின்னால் வயரோரமாக வைத்தார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. மனைவியிடம்கூட. பேச்சு எலியின் காதுக்குப் போனால் அது உஷாராகிவிடும் என்பது அவர் கணக்கு.

அடுத்த நாள் நர்ஸ் வந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மனைவி வெந்நீர் கேட்டாள். வாஷர் அடுப்பைப் பற்றவைத்தார். அறையில் 'டப்' என்று ஒரு சத்தம், தொடர்ந்து ஒரு அலறல்.

"மாட்டிக்கிட்டியா, மவனே!" என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மேசைக்குப் பின்னால் நர்ஸ் மண்டியிட்டிருந்தாள். அவளுடைய ஒரு கை விரல் பொறியில் இருந்தது. இன்னொரு கையில் கட்டுப் பிரிக்கிற கத்தரிக்கோல் இருந்தது. பொறியை விடுவிக்கும்போதே வாஷருக்குக் கண் சிவந்துவிட்டது.

"நீயா? நோயாளி கேக்குற பாட்டை நிறுத்துறியே, உனக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? நாளையிலேருந்து இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத!"

"அவளை ஏங்க திட்டுறீங்க?" என்றாள் மனைவி. "நான்தான் வெட்டச் சொன்னேன். அதுக்கு முன்னாடியெல்லாம் நானே கையை நீட்டிப் பிடுங்கினேன்."

கரண்டி கீழே இறங்கியது. வாஷர் தடுமாறிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. குரலும் தணிந்து கம்மிப்போய்விட்டது. "பாட்டு பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. உன்னை இந்த நேரத்துல போய்க் கஷ்டப்படுத்திட்டேனே..." கண் நிறைய, அவள் கையைத் தேடினார்.

மனைவி பெருமூச்சு விட்டாள். "ஆரம்பிச்சுட்டார் பாரு. நீயே சொல்லும்மா."

நர்ஸ் வீங்கிய விரலை வாயிலிருந்து எடுத்தாள். "பாட்டெல்லாம் அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும்ணா, ஆனா பாட்டு ஓடினா நீங்க பக்கத்துல உக்காந்து, அக்கா இப்பவே செத்துட்ட மாதிரி பாத்து அழறீங்க, வயரைப் பிடுங்கினாத்தான் எழுந்து போய் அதைக் கண்டபடி திட்டுறீங்க, ஆபரேஷன் ஆனதுலேருந்து அக்கா சிரிக்கிறது அதைக் கேக்கும்போது மட்டும்தான்."