பையோடு ஓடியவள்

"நின்னுண்டிருக்கிற பஸ்ஸையே உன்னால ஓடிப் பிடிக்க முடியலை. உனக்கு எதுக்கு மூணு கிலோமீட்டர்?"

செல்போனில் ஓட்டப்பந்தய விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சாருலதாவிடம் அவள் புருஷன் நிரஞ்சன் கேட்ட கேள்வி இது. அடுத்த நிமிஷமே அவள் பெயரைப் பதிவு செய்துவிட்டாள்.

முதல் நாள் பயிற்சி கச்சேரி ரோட்டில். நாலு எட்டு ஓடுவதற்குள் பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு நின்றது.

"மெதுவா வாம்மா, வண்டி எங்கயும் போவாது!" என்றார் கண்டக்டர்.

மறுக்கக் கூச்சமாக இருந்தது. ஏறி, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வீட்டுக்கு நடந்து வந்தாள்.

மறுநாள் பஸ் தொல்லை இல்லாத நொச்சிக்குப்பம் மீனவர் கடற்கரைப் பக்கம் போனாள். அவள் ஓடி வருவதைப் பார்த்து, மீன் விற்றுக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் கத்தியோடு எழுந்துவிட்டாள்.

"இன்னாம்மே, எவனாச்சும் தொரத்திக்கினு வர்றானா? சொல்லு, செதில் எடுத்துடறேன்!"

"இல்லைங்க, சும்மாதான் ஓடறேன்."

"சும்மா யாராச்சும் ஓடுவாங்களா?"

மூன்றாம் நாள் சாருலதா ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டாள். கையில் பையோடு ஓடுகிறவளை இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்கவில்லைதான். கூப்பிட்டார்கள்.

"ஏ பைக்காரம்மா! வஞ்சிரம் இப்பத்தான் வந்துகீது, வா!"

"நாளைக்கு!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

நின்றால் மீன் வாங்க வேண்டும். வாங்கினால் வீட்டுக்குள் நுழைய முடியாது. அதனால் நிற்கவே இல்லை. கரையில் நின்ற முதல் படகுக்கே மூச்சிரைத்தவள், நாளாக ஆக மீன்கடை வரிசை முழுக்க ஓடித் திரும்பினாள்.

அப்போதுதான் குடியிருப்புச் சங்கச் செயலாளர் அனந்தராமன் மாமா மாடிப்படியில் அவளை வழிமறித்தார்.

"இந்தக் கட்டடத்துல மீன் வாசனையே வரப்படாதுன்னு சொல்லித்தானே உங்களுக்கு வாடகைக்கு விட்டது? தெனம் கார்த்தால பையும் கையுமா நொச்சிக்குப்பத்துல நிக்கறே. என் கண்ணால பார்த்தேன்!"

"நிக்கலை மாமா. ஓடறேன்."

"பையோடயா?"

சொன்ன அவளுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர்ல ரேஸ் மாமா. நீங்களே வந்து பாருங்கோ."

"வரேன். ஆனா நடுவுல நின்னியோ, நீ ஓடறவ இல்லை. வீட்டைக் காலி பண்ணிடணும்."

விஷயம் கேட்ட நிரஞ்சன் பெருமூச்சு விட்டான். "சரி, நான் இன்னிக்கே வேற வீடு பார்க்க ஆரம்பிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பாதி தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு விலாவில் பிடித்துக்கொண்டது. ஷூவில் ஈயத்தை ஊற்றியது போலக் கால் கனத்தது. நின்றுவிடலாம் என்றே தோன்றியது. வீடு போனால் போகட்டும். அந்த நேரம் பார்த்து, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஏ பைக்காரம்மா! பை எங்க? வஞ்சிரம் வேணாவா?"

கேட்டதுதான் தாமதம், கால்கள் பறந்தன. பழக்கதோஷம். எல்லைக்கோட்டைத் தாண்டித்தான் நின்றாள். திரும்பிப் பார்த்தால், அவளுக்குப் பின்னாலும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள்!

நிரஞ்சன் கைதட்ட மறந்து வாயைப் பிளந்து நின்றான். அனந்தராமன் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. நீ ஓடறவதான். ஒத்துக்கறேன்."

அதற்குள் அந்தோணியம்மாள் பட்டுப்புடவை சரசரக்க வந்து சேர்ந்தாள். சாருலதாவின் முதுகில் ஒன்று வைத்தவள், பக்கத்தில் நின்றவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானாள்.

"அட, நம்ம சாமி! நேத்து ஏன் வர்ல? ஒங்களுக்குன்னு எறா உரிச்சு வெச்சிருந்தேனே!"

அனந்தராமன் மாமா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். நடுவில் எங்கும் நிற்கவில்லை.