வெண்ணந்தூர்த் துண்டுக்கு வந்த கிராக்கி

"ஆளு வெச்சு வியாபாரம் பண்ற காலமெல்லாம் போச்சுங்க. நீங்க நெய்யுங்க, கட்டிக் குடுங்க, அவ்வளவுதான். போட்டோ புடிக்கறது, ஆன்லைன்ல ஏத்தறது, வாங்கறவங்க கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்றது எங்க பொறுப்பு. தொழில்ங்கறது கொழுப்பில்லாத உடம்பு மாதிரி சிக்குனு இருக்கோணும்."

"சரிங்க."

"மூணு மாசத்துல ஓடலைனா உங்க கணக்கை மூடிருவேன்."

"ஓடலைனா நானும் வேற ஆளைப் பாத்துக்குவேனுங்க."

கடைசி வரியை ஏன் சொன்னோம் என்று சரவணக்குமாருக்கு இன்றுவரை புரியவில்லை. ராசிபுரத்து மாடி ஆபீசில் மோகனப்பிரியா பேசப் பேச அவன் நெஞ்சு தறி மாதிரி அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை மறைக்க ஏதாவது கறாராகச் சொல்ல வேண்டியிருந்தது.

மாதக் கடைசியில் சரக்கு பார்க்க அவளே வெண்ணந்தூருக்கு ஸ்கூட்டரில் வருவாள்; தறிக்கொட்டகையோடு திரும்பிவிடுவாள். கணக்கு மூடப்பட்டால் அந்த ஸ்கூட்டரும் வராது.

முதல் மாதம் ஒரு துண்டுகூடப் போகவில்லை. ஆகவே சரவணக்குமார் தன் துண்டைத் தானே வாங்கினான், அம்மா பெயரில்.

பார்சலைப் பிரித்த முத்தாயம்மாள் துண்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, இது நம்ம தறியில நெய்ஞ்சதுதானே?"

"ஆமாம்மா."

"இந்த ஊட்டுல இருந்து போயி, சேலத்தைச் சுத்திட்டு, இந்த ஊட்டுக்கே வந்திருக்குது. அங்க என்ன வேண்டுதலு இதுக்கு?"

அம்மா பெயரிலேயே வாங்கினால் சந்தேகம் வரும் என்று, அடுத்ததாகச் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் கந்தவேல் மாமா பெயரில் ஒரு கட்டுக்கு ஆர்டர் போட்டான். மாமா நேர்மையானவர். பார்சலில் இருந்த 'ஸ்டார் கொடுங்கள்' என்ற சீட்டைப் படித்து, பொறுப்பாக ஒரு ஸ்டார் கொடுத்து, கீழே எழுதியும் வைத்தார்: 'துண்டு அருமை. ஆனால் நான் கேட்கவே இல்லை.'

மோகனப்பிரியா பதறிப்போய் போன் செய்தாள்.

"ஏனுங்க, சங்ககிரியில யாரோ ஒரு ஆளு நம்ம பேரையே கெடுத்துட்டாருங்க!"

"அப்படிங்களா? எப்பேர்ப்பட்ட ஆளுங்க இருக்கறாங்க பாருங்க."

"நூறு நல்லது வந்தாத்தான் அது அடியில போகும்."

அதை அடியில் அனுப்பச் சரவணக்குமார் மறுபடியும் அம்மா பெயருக்கே திரும்பினான். குளியல் துண்டு, கைத்துண்டு, ஈரிழைத் துண்டு என்று முத்தாயம்மாள் வாங்கிக் குவித்தாள். ஒவ்வொன்றுக்கும் அஞ்சு ஸ்டார். நல்லவேளையாக ராசிபுரத்துப் பக்கமிருந்தும் யார் யாரோ வாங்க ஆரம்பித்தார்கள். அவற்றைப் பொட்டலம் கட்டும்போது மட்டும் அவன் தலை நிமிர்ந்திருந்தது.

"பாத்தீங்களா, ஒரு ஆளு சேக்காம எப்படி ஓடுது!" என்றாள் மோகனப்பிரியா. "இன்னும் ரெண்டு தறி போடுங்க."

போட்டான். துண்டு கூடியது. கூடிய துண்டை வாங்க வேண்டிய பொறுப்பும் கூடியது. கட்டில், பீரோ மேல், அரிசி டிரம் மேல் எல்லாம் துண்டுக்கட்டு ஏறியது. தொழில் சிக்கென்று இருந்தது. வீடுதான் ஊதிக்கொண்டே போனது.

"நான் எங்க சாமி படுக்கறது?" என்றாள் முத்தாயம்மாள்.

"துண்டு மேல படும்மா, மெத்துனு இருக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"நம்ம நம்பர் ஒன் கஸ்டமர் முத்தாயம்மாளை வீடியோ எடுக்கலாம்னு வந்தேனுங்க," என்றாள் மோகனப்பிரியா. "தெருவுல கேட்டா எல்லாரும் உங்க ஊட்டையே காட்டறாங்க?"

சரவணக்குமார் கதவை மறைத்து நின்றான். அவன் கைக்கு அடியில் குனிந்து முத்தாயம்மாள் வெளியே வந்தாள்.

"நாந்தான் கண்ணு அது. உள்ள வா. பாத்து வா, தலையில உழுந்துரும்."

மோகனப்பிரியா உள்ளே போய் நாலு சுவரையும் பார்த்தாள். ஒரு சுவரும் தெரியவில்லை.

"இத்தனையும் நீங்களே வாங்குனதா?"

"ஆமாங்க."

"ஏனுங்க?"

"கணக்கை மூடிட்டீங்கனா..." அவன் சரிந்த ஒரு கட்டைத் தூக்கி நிறுத்தினான். "அப்புறம் நீங்க எதுக்குங்க இந்தப் பக்கம் வரப்போறீங்க?"

"அடக் கடவுளே, இதைச் சொல்றதுக்கா இத்தன துண்டு?" என்றாள் முத்தாயம்மாள்.

மோகனப்பிரியாவின் முகம் சிவந்தது. கோபமா வேறு ஏதாவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"இது மோசடிங்க. தன் சரக்கைத் தானே வாங்கிக்கிட்டு, ஓடுதுன்னு ஊரை நம்ப வெக்கறது..."

வாசலில் பைக் சத்தம் கேட்டது. கூரியர் மாரியப்பன், முதுகில் பெரிய பையோடு வியர்க்க வியர்க்க உள்ளே வந்தார். மோகனப்பிரியா சட்டென்று பேச்சை நிறுத்தினாள்.

"மாரியண்ணா, நீங்க வெச்சிட்டுக் கெளம்புங்க."

இவளுக்கு எப்படி மாரியண்ணனைத் தெரியும் என்று சரவணக்குமார் யோசித்தான்.

மாரியப்பன் கிளம்பவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மேலே முட்டி நின்ற துண்டுக்கட்டுகளைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கையில கேக்கோணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேனுங்க," என்றார். "ராசிபுரத்துல இந்தம்மா ஊடும் இதே துண்டுல கூரை வரைக்கும் நெறஞ்சு கெடக்குது, கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டு ஒரே அட்ரஸ்ல இருங்க சாமி, எனக்கு ராசிபுரத்து நடையாவது மிச்சமாவும்."