மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு, எனக்கு மதிப்பீடு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். தங்கள் முழங்கால் வலி தேவலையா? ஒப்புக்குக் கேட்கவில்லை, எனக்கும் அதே முழங்காலில்தான் ஆரம்பித்திருக்கிறது.

தங்கள் புதல்வர், அதாவது எங்கள் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை, தங்கமான பிள்ளை. இந்த வீட்டில் இப்போது யாரைக் குறை சொல்வதானாலும் முதலில் ஒரு நல்லது சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். அவர் வேலை பார்க்கும் ஆலோசனைக் கம்பெனியின் வழக்கம் அது. அங்கே அவருடைய வேலை, மற்ற கம்பெனிகளுக்குப் போய் 'நீங்கள் நடத்துவது சரியில்லை' என்று பதமாகச் சொல்லிவிட்டு வருவது. இதையே நான் என் ஆபீஸில் சர்வீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதமாகச் சொல்லாததால் மாற்றல்தான் கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்து, "மாமா, உங்களோட வருஷ மதிப்பீட்டைப் பேசிடலாமா?" என்றார். எனக்கென்ன மதிப்பீடு, நான்தான் ஓய்வு பெற்றாயிற்றே என்றேன். கேட்கவில்லை. "செடிகளைப் பார்த்துக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா டீ போடறேன்னு கிளம்பிட்டு, கடைசியில அத்தை தலையில கட்டிடறீங்க. மொத்தத்துல, எதிர்பார்த்த அளவுக்கு இருக்கீங்க." என் மனைவிக்கோ 'எதிர்பார்த்ததுக்கும் மேலே' என்று கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் சமையலறையில் நடக்கிற நடையே வேறு. நான் மேலே போக வழி என்ன என்று கேட்டதற்கு, "அடுத்த வருஷம் பார்க்கலாம் மாமா" என்கிறார். எங்கள் ஆபீஸில் பதவி உயர்வு வேண்டுமானால் மேலே இருப்பவர் ஓய்வு பெற்றால் போதும், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இது இருக்கட்டும். விஷயம் மாப்பிள்ளையின் மதிப்பீடு. அந்தக் கம்பெனியில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து காலம் தள்ள முடியாது. ஒன்று மேலே ஏற வேண்டும், இல்லாவிட்டால் கைகுலுக்கி வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த வருஷம் இவர் முறை. ஏறினால் தலைமை அலுவலகம். விமானத்தில்தான் போக வேண்டும், கூடவே என் மகளும் போவாள். ஏறாவிட்டால் வேலை போய்விடும். நான் எதை வேண்டிக்கொள்வது, சம்பந்தி? அவர் வேலையும் போகக்கூடாது, அவர்களும் போகக்கூடாது. என் ஆசை அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் அவருடைய மேலதிகாரி அம்மாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். சிரித்த முகம். சாப்பிட்டுக்கொண்டே, "வீட்டுல அவர் மாத்திக்கணும்னு நீங்க நினைக்கறது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்" என்றார். மேசைக்கடியில் மகள் என் காலை உதைத்தாள். அதே முழங்கால். வலியில் உண்மை வந்துவிட்டது: "சாப்பிட உட்காருவார், போன் வந்தா எழுந்து போயிடுவார். தட்டு காஞ்சு கிடக்கும். கல்யாண நாளன்னிக்குக் கூட வாசல்லயே நின்னு யாரோ கிளையன்ட்டோட பேசிட்டிருந்தார், எம்பொண்ணு புதுப்புடவையோட உள்ள காத்திட்டிருந்தா. இது ரொம்பத் தப்புங்க!"

அந்த அம்மாள் பதறிப்போய் அவருக்கு லீவு கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது. "இப்படி ஒருத்தரைத்தான் நாங்க தேடிட்டிருந்தோம்" என்றார். மறுநாளே பதவி உயர்வு. எல்லாம் மாமனார் புண்ணியம் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சாம். மகள் எனக்கு நன்றி சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதாள். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, இந்தப் பதவி வேண்டாம், வேறு வேலை தேடிக்கொள் என்று தாங்கள் ஒரு வார்த்தை எழுத வேண்டும். நான் சொன்னால் மாமனார் மூக்கை நுழைக்கிறார் என்று ஆகிவிடும். தாங்கள் பெற்றவர்.

சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரங்கள். சின்னவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
எதிர்பார்த்த அளவுக்கு இருக்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: தயவுசெய்து ஒன்றும் எழுதிவிடாதீர்கள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தார். போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார், "இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை" என்றார். பிறகு என்னிடம், "நீங்க சொன்னதை மேடம் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டாங்க மாமா. எனக்குத்தான் சுருக்குனு தைச்சுது. அங்க பெரிய வீடு தர்றாங்க, நாலு பேருமாத்தான் போறோம். நான் பாதிச் சாப்பாட்டுல எழுந்தா கையைப் பிடிச்சு உட்கார வைக்கறது உங்க பொறுப்பு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிக நல்ல கம்பெனி, சம்பந்தி. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். பொறுப்பு கூடிவிட்டதே, என் மதிப்பீட்டை இப்போதே ஏற்றக்கூடாதா என்று கேட்டேன். "முதல்ல ஒரு டீ போடுங்க, பார்க்கலாம்" என்கிறார். அடுப்பில் பால் பொங்குகிறது. மனைவியைக் கூப்பிடாமல் நானே போகிறேன்.