கரடியும் கொள்ளுப்பாட்டி உலக்கையும்

வாழவந்தி நாடு,
ஞாயிற்றுக்கிழமை.

முள்ளுக்குறிச்சியில் மாமாவோடும் பேரப்பிள்ளைகளோடும் சுகமாக இருக்கும் அன்புள்ள அக்கா ருக்குமணி அவர்களுக்கு, தம்பி மணிவண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தம்பி பெண்டாட்டி, மரவள்ளி, மிளகுக்கொடி எல்லாரும் நலம். என் வாய்தான் சரியில்லை. போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள். எனக்கு உங்கள் கையெழுத்தில் பதில் வேண்டும்.

என் மகள் தேன்மொழியைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை தேவனூர் நாட்டிலிருந்து வந்தார்கள். பையன் தனபால். நாமக்கல்லில் இவளோடு ஒரே ஆபீசில் வேலை. ரெண்டு பேரும் ஏற்கெனவே மனசு ஒத்துப்போய்த்தான் எங்களிடம் சொன்னார்கள். பேச்சு நன்றாகத்தான் போனது. நான் காபியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பையனின் அப்பாவைப் பெற்ற பாட்டி பாப்பாயி அம்மாள், "ஏனுங்க, உங்க ஊட்டுப் பொம்பளைங்க தைரியசாலிங்களா?" என்று கேட்டதும் எனக்குக் கொள்ளுப்பாட்டி அத்தாயி ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கு ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டு தினமும் நாம் கேட்ட கதைதானே அக்கா! சாமை குத்திக்கொண்டிருந்தவள், மிளகு பறிக்க வந்த திருடனை உலக்கையாலேயே ஒரு போடு போட்டது. "இங்கதான் கண்ணு, உழுந்துச்சு அடி" என்று நம் முட்டியைத் தட்டுவாள், நீங்கள் வீல் என்று கத்துவீர்கள். அவளை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷம் தாங்காது. அந்த வேகத்தில் எழுந்து நின்று குடையைச் சுழற்றி, "தேவனூர் நாட்டுக்காரனாமுங்க, இடது காலை இழுத்துக்கிட்டே ஓடுனானாம்!" என்று முடித்தேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பையனின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க தாத்தனுக்கு இடது கால் ஊனமுங்க. கரடியோட சண்டை போட்டு வந்தது" என்றார். நாலு தலைமுறையாக அவர்கள் வீட்டில் கரடியை விரட்டிய வீரனாக இருந்தவரை நான் ஒரு காபி நேரத்தில் மிளகுத் திருடனாக்கிவிட்டேன். தேதி குறிக்காமலே, "போயிட்டு வாரோமுங்க" என்று கிளம்பிவிட்டார்கள். தேன்மொழி என்னோடு பேசி ரெண்டு நாளாகிறது. சோறு போடுகிறாள், குழம்பு ஊற்ற மாட்டேன் என்கிறாள்.

ஆகவே அக்கா, கேட்டவர்களில் மிச்சம் நாம் ரெண்டு பேர்தான். திருடனும் இல்லை, உலக்கையும் இல்லை, நம்மைத் தூங்க வைக்கக் கிழவி கட்டிய கதை என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறேன். கல்யாணக் காரியம், கொள்ளுப்பாட்டி ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள்.

மாமாவுக்கு என் கும்பிடு. பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ரெண்டு முத்தம். தேன்மொழிக்கு உங்கள் ஆசீர்வாதத்தைப் பதிலோடு சேர்த்தே அனுப்புங்கள்.

உங்கள் தம்பி,
மணிவண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது பாப்பாயி அம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். "கரடி அடிச்சா நகம் கீறியிருக்கோணுமுல்ல? எங்க மாமனார் முட்டியில வட்டமா உலக்கை நுனி இரும்புப் பூணுத் தழும்புங்க. கல்யாணமாகி வந்த நாள்லருந்து கேட்டேன், மனுசன் சாகுறவரைக்கும் சொல்லல. இப்பத்தான் எம் மனசு ஆறுச்சு. இந்த ஊட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும். கதை பொய்யின்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க, அப்புறம் சம்பந்தமே வேண்டாம்" என்கிறார். அக்கா, மேலே எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். அடி விழுந்தது சத்தியம் என்று எழுதுங்கள். ரெண்டு அடி என்று எழுதினாலும் அவருக்குச் சந்தோஷம்தான்.