பல் டாக்டர் மகளின் கடி

"இது உங்க பொண்ணு கடிச்சது சார்." ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு சுருட்டைமுடிப் பையனின் கையைத் தூக்கிக் காட்டினார்.

பல் டாக்டருக்கு மானமே போயிற்று. பிறத்தியார் பல்லையெல்லாம் சரிபண்ணுகிற மனுஷன், பெற்ற பெண்ணின் பல்லை அடக்கத் தெரியவில்லையே! பல் பதிந்த தடத்தைக் கண்கொண்டு பார்க்கவே கூசினார்.

"கடிச்சியாடி?"

மகள் வாயை இறுக மூடிக்கொண்டு ஆமென்று தலையாட்டினாள். பிஸ்கட்டைக்கூடப் பாலில் ஊறவைத்துத் தின்கிற பூனை!

"யாரும் இவளை விளையாட்டுல சேத்துக்கிறதில்ல சார். அந்தக் கோவம்தான்."

"கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்," என்றார் டாக்டர். அங்கேதான் பிடித்தது சனி.

கடிபட்ட பையனுக்கு ஒரு பெட்டி க்ரேயான் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் இரண்டு பெண்கள் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பெட்டி. அதற்கு மறுநாள் ஐந்து பேர்!

மகளை வகுப்பு முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார். கோபத்தை அடக்குவது எப்படி என்று அரைமணி நேரம் பேசினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். மறுநாள் ஒன்பது பேர்.

இதில் மகளின் குஷி வேறு அவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. "அப்பா, இன்னிக்கும் ஓடிப்பிடிக்கிறதுல என்னைச் சேத்துக்கிட்டாங்க!"

"பின்ன? பயம்!" என்று பல்லைக் கடித்தார்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை டி.சி.யை நீட்டிவிட்டார். "வேற ஸ்கூல் பாருங்க. கடிக்கிற பொண்ணை வெச்சுக்க முடியாது."

இனி எந்தப் பள்ளியில் இவளைச் சேர்ப்பார்கள்? டாக்டர் கண் கலங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலிலேயே மறித்தான் சுருட்டைமுடி.

"அங்கிள், க்ரேயான்?"

"இனிமே கிடையாதுப்பா. அவ வேற ஸ்கூலுக்குப் போறா. உங்களை யாரும் கடிக்க மாட்டாங்க, நிம்மதியா இருங்க."

பையன் முகம் பேயறைந்தாற்போல் ஆயிற்று.

"ஐயய்யோ, அவ எங்க கடிச்சா அங்கிள்? அவ முன்பல் ரெண்டையும் போன வாரம் நீங்கதானே பிடுங்கினீங்க! மொதல்ல சும்மா, அப்புறம் க்ரேயானுக்காக, நாங்களே எங்களைக் கடிச்சுக்கிட்டு அவ பேரைச் சொல்லுவோம், ஆமான்னு தலையாட்டினாத்தானே அவளை விளையாட்டுல சேத்துக்குவோம்!"