டீ குடித்து முடியட்டும்

கிண்ணத்தில் பாலும் இல்லை, உப்பும் இல்லை. பாதிக் கிண்ணம் பச்சை டீயில் இரண்டு இலைகள் மிதந்துகொண்டிருந்தன. மெடெர் கிண்ணத்தைச் சாய்த்து அடிவரைக்கும் பார்த்தான்.

தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வழி நெடுக அவன் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பாடம் வேறு. அவன் காதலி துமார் போனில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள்.

"அப்பாவுக்கு டீன்னா பால் ஊத்தி, உப்புப் போட்டு, மேல வெண்ணெய் மிதக்கணும். பாட்டுன்னா கோமூஸ் தந்தியை மீட்டுறது மட்டும்தான். டிவியில சீரியல் ஓடினா எழுந்து போயிடுவாரு. கையால பிசைஞ்சு சாப்பிடற கறியும் மாவுப்பட்டையும்தான் சாப்பாடு, மத்ததெல்லாம் அவருக்குக் கொறிக்கிறது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீ குடிக்கிற அந்தப் பாக்கெட் காபியைப் பத்தி மூச்சு விடாத."

"சரி."

"கல்யாணப் பேச்சை நீயா எடுக்காத. டீ குடிச்சு முடிச்சதும் அவரே கேப்பாரு. அதுவரைக்கும் ஒண்ணும் கேக்க மாட்டாரு, ஆனா ஆழம் பாப்பாரு. வேணும்னே மாத்திப் பேசுவாரு. போனை அணைச்சு வெச்சுடு, சாப்பிடற எடத்துல மணி அடிச்சா அவருக்கு ஆகாது. நான் ஆஸ்பத்திரி டியூட்டி முடிஞ்சு சாயங்காலம்தான் வருவேன்."

"ஒருவேளை அவருக்கு என்னைப் பிடிக்கலைன்னா?"

"போன வருஷம் ஒருத்தன் வந்தான். அவனுக்குக் கிண்ணம் நிறைய ஊத்தச் சொல்லிட்டாரு. நரின் ஊர்ல ஒரு கால்நடை டாக்டர் வேற காத்துட்டிருக்கான். பாத்து நடந்துக்க."

பாதிக் கிண்ணம் ஊற்றினால் இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று பொருள். நிறைய ஊற்றினால் நடையைக் கட்டு. இதைவிட நாசூக்காக ஒருவனை வெளியே அனுப்பும் வழி எங்கள் இசிக்குல் ஏரிக்கரையில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

துமார் சொன்ன அடையாளப்படி நீல கேட் இருந்தது, சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கிற ஆப்பிள் மரம் இருந்தது. போனில் அவள் காட்டியிருந்த படத்தில் தெரிந்தது ஒரு வெள்ளைக் குல்லாவும் அதற்குக் கீழே ஒரு மீசையும்தான். இரண்டும் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தன. மெடெர் சலாம் சொன்னான். பெரியவர் இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்து, "வாங்க தம்பி, உள்ள வாங்க, டீ ரெடியா இருக்கு" என்று அழைத்துப் போய் உட்கார வைத்தார். ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். துமாரின் அண்ணிதான் போலிருக்கிறது, மைரம் என்ற மருமகள் கெட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ ஊற்றினாள்.

அந்த டீதான் இப்போது அவன் முன்னால் பச்சையாக இருந்தது.

"டீ பிடிக்கலையா தம்பி?" என்றார் பெரியவர்.

ஆழம் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று மெடெர் முடிவு கட்டினான். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஐயா. எனக்கு டீன்னா பால் ஊத்தி, உப்புப் போட்டு, மேல வெண்ணெய் மிதக்கணும். இல்லைன்னா குடிச்ச மாதிரியே இருக்காது."

பெரியவரின் மீசை லேசாக ஆடியது. "உப்பா?"

"உப்புதான்."

"வெண்ணெயுமா?"

"அது இல்லாம எப்படி ஐயா?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மருமகளிடம், "பக்கத்து வீட்டுல அந்தத் தினுசு டீ போடுவாங்க. ஒரு கெட்டில் வாங்கிட்டு வாம்மா" என்றார். மைரம் எழுந்து போனாள்.

இந்தச் சோதனைக்கு எவ்வளவு ஏற்பாடு பார், என்று மெடெருக்கு வியப்பாக இருந்தது.

கெட்டில் வரும்வரை பொழுது போக வேண்டுமே என்று பெரியவர் டிவியைப் போட்டார். துருக்கி சீரியல். ஒரு மாளிகையின் மாடிப்படியில் நின்று ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னிக்குத்தான் அவளுக்கு ஞாபகம் திரும்பப் போகுது," என்றார் பெரியவர், குரலைத் தாழ்த்தி.

இரண்டாவது சோதனை. "எனக்கு இந்தச் சீரியலே ஆகாது ஐயா. குடும்பத்தைக் கெடுக்கிறதே இதுங்கதான்."

பெரியவர் அவனைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மாதக்கணக்கில் தன் பெயரே தெரியாமல் அலைந்த பெண், இதோ வாயைத் திறந்து எதையோ சொல்லப் போகிறாள். ஆனால் விருந்தாளியின் மனம் நோகக் கூடாது. அவர் ரிமோட்டை எடுத்து அணைத்தார். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தில் இருந்த சோகம் சோதனை மாதிரி தெரியவில்லை. மெடெருக்குக் கலக்கமாகிவிட்டது. "ஆனா இந்த ஒரு சீரியல் பரவாயில்லைங்க ஐயா," என்று அசடு வழிந்தான். "நானும் ஒண்ணு ரெண்டு நாள் பாத்திருக்கேன். அந்தக் கோட்டுப் போட்ட தாடிக்காரரு எவ்வளவு நல்ல மனுஷன்!"

"அவன்தான் தம்பி அவ மேல காரை ஏத்தினவன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ரொட்டியைத் தின்றார்கள்.

"சரி, பாட்டுக் கேக்கலாம்," என்று பெரியவர் போனை எடுத்தார். ஏதோ ஒரு பழைய இந்திப் படப் பாட்டு கிளம்பியது. பெரியவரின் தோள்கள் அவரைக் கேட்காமலே ஆட ஆரம்பித்தன. குல்லா ஒரு பக்கம் சாய்ந்தது.

விட்ட மதிப்பெண்ணை இதிலாவது பிடித்துவிட வேண்டும் என்று மெடெருக்கு அவசரம். "எனக்குக் கோமூஸ் தவிர வேற எதுவும் காதுல ஏறாது ஐயா. மூணு தந்தி போதாதா மனுஷனுக்கு?"

தோள்கள் நின்றன. பெரியவர் பாட்டை நிறுத்தினார், குல்லாவைச் சரி செய்துகொண்டார். நம் வீட்டில் கோமூஸ் இல்லையே என்று முனகியபடி முற்றத்துக்குப் போனார். இந்தப் பக்கத்து ஆப்பிள் மரத்துக்கும் அந்தப் பக்கத்து ஆப்பிள் மரத்துக்கும் நடுவில் இருந்த சுவரைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"அண்ணே! வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருக்காரு. கோமூஸ் கேக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. எடுத்துட்டு வாங்க!"

இதற்குள் மைரம் கெட்டிலோடு வந்துவிட்டாள். வெண்ணெய் மிதக்கிற உப்பு டீயைப் பாதிக் கிண்ணம் ஊற்றி மெடெரிடம் நீட்டினாள். அவன் ஒரு வாய் குடித்தான். இசிக்குல் ஏரியில் நீந்தும்போது தவறிப்போய் விழுங்கிவிடுவோமே, அந்த உப்புத் தண்ணீரைச் சுட வைத்துக் குடித்த மாதிரி இருந்தது.

"எப்படி?" என்றார் பெரியவர்.

"அமிர்தம்."

அமிர்தம் என்றவனுக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றாமல் இருக்க முடியுமா? மைரம் ஊற்றினாள். அவன் குடித்தான். மறுபடி ஊற்றினாள். உள்ளங்கையால் கிண்ணத்தை மூடினால் போதும் என்று அர்த்தம்; ஊற்ற மாட்டார்கள். ஆனால் மூடினால் பெரியவர் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவார். குடும்பத்தைக் கெடுக்கிற சீரியலில் கார் ஏற்றினவனைப் பாராட்டியவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இன்னும் கொஞ்சம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு மூடலாம் என்று அவன் குடித்துக்கொண்டே இருந்தான். பெரியவரோ அவன் எப்போது மூடுவான் என்று பொறுமையாகக் காத்திருந்தார்.

அப்போது தட்டு நிறையப் புலாவ் வந்தது. கேரட்டும் கறியும் முழுப்பூண்டுமாக அந்த வாசனையிலேயே மெடெரின் கண் சொருகியது. இருந்தாலும் படித்த பாடத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"புலாவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா சாப்பாடுன்னா எனக்குக் கையால பிசையற கறியும் மாவுப்பட்டையும்தான் ஐயா."

பெரியவர் எழுந்து நின்றார். "முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி? மைரம், அந்தக் கத்தியை எடு. ஆட்டை அறுக்க எவ்வளவு நேரம் ஆகிடப் போகுது."

முற்றத்தில் ஓர் ஆடு கத்தியது. மெடெருக்கு அதன் குரல் தன் குரல் மாதிரியே கேட்டது.

"வேண்டாம் ஐயா!" என்று பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் சொன்னதெல்லாம் பொய். உப்பு டீ எனக்குத் தொண்டையில இறங்காது. கோமூஸ் கேட்டாத் தூக்கம் வரும். இந்தப் புலாவ் மாதிரி நான் ஜென்மத்துல சாப்பிட்டதில்ல. நிஜமா நான் குடிக்கிறது டீயே இல்ல ஐயா. பாக்கெட் காபி."

பெரியவர் மெல்ல உட்கார்ந்தார்.

"பாக்கெட் காபின்னா, பால், சக்கரை எல்லாம் உள்ளயே இருக்குமே, அதா?"

"அதேதான்."

"மைரம்," என்றார் பெரியவர், "அலமாரிக்குப் பின்னாடி நான் ஒளிச்சு வெச்சிருக்கேன் பாரு, அதை எடு. உங்க அத்தைகிட்டச் சொல்லாத."

அதற்குப் பிறகு அந்த அறையே வேறாகிவிட்டது. டிவி மறுபடி உயிர் பெற்றது. ஞாபகம் திரும்பிய பெண் யாரையோ அறைந்துகொண்டிருந்தாள். "நான் தெற்கே ஓஷ் பக்கத்து ஆளு தம்பி," என்றார் பெரியவர், காபியை உறிஞ்சியபடி. "எனக்கும் அந்த உப்புத் தண்ணி இத்தனை வருஷமா இறங்கல. வெளிய சொன்னா இங்க சண்டைக்கு வருவாங்க." துமார் இதைச் சொல்லவே இல்லையே என்று மெடெர் நினைத்தான். சொன்னால் அப்புறம் என்ன சோதனை? பொய் சொல்லாமல் இருப்பது இவ்வளவு சுகம் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. புலாவை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டான்.

வாசலில் செருமல் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். இன்னொரு வெள்ளைக் குல்லா, இன்னொரு மீசை. புதிதாக இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் கோமூஸ். பெரியவர் எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்தார். மைரம் அவர் வீட்டுக் கெட்டிலிலிருந்தே அவருக்கு உப்பு டீ ஊற்றினாள்.

"கொஞ்ச நேரம்தான் இருப்பேன்," என்றார் அவர். "வீட்டுக்கு ஒரு ஆள் வரணும். இன்னும் காணோம்."

"பெரியவங்களைக் காக்க வைக்கிறது என்ன பழக்கம் ஐயா?" என்றான் மெடெர். "அந்த மாதிரி ஆளையெல்லாம் உள்ளயே விடக் கூடாது."

"நல்லாச் சொன்னே தம்பி," என்று அவர் சந்தோஷமாக டீயை ஒரு வாய் குடித்து, கோமூஸை மடியில் வைத்துத் தந்தியை மீட்டினார்.

உப்பு டீ. கோமூஸ். மெடெருக்குப் பளிச்சென்று புரிந்தது. இது கடைசிச் சோதனை. உண்மையைச் சொன்னவன் அதில் நிற்கிறானா, இல்லை மறுபடி சாய்கிறானா என்று பார்க்கத்தான் இந்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை சாயப் போவதில்லை.

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்களேன். சீரியல் ஓடுது."

தந்தி நின்றது. "நீதானே கேக்கணும்னியாம்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கோமூஸ் வாசிக்கிறவங்களுக்குத்தான் அது பாட்டு. கேக்கிறவங்களுக்கு இல்ல."

பெரியவர் இருமினார். மைரம் தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படியா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "இந்த டீயைப் பத்தி என்ன நினைக்கறே?"

"வேற டீ கிடைக்காதவங்க குடிக்கிறது."

"கறியும் மாவுப்பட்டையும்?"

"பல்லு போனவங்க சாப்பாடு ஐயா."

"சீரியல் பாப்பியோ?"

"பாப்பேன். கட்டிக்கப் போறவளையும் பாக்க வைப்பேன்," என்றான் மெடெர், ஓரக்கண்ணால் பெரியவரைப் பார்த்து.

பக்கத்து வீட்டுக்காரர் தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அடுத்தவர் வீட்டு விருந்தாளியிடம் சண்டைக்குப் போவது முறையில்லை. மீசையை மட்டும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

ஜெயித்துவிட்டோம் என்று மெடெருக்கு உறுதியாகிவிட்டது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கிண்ணத்தைக் கீழே வைத்து, உள்ளங்கையால் மூடினான்.

பெரியவர் விரிப்பில் சிந்தியிருந்த சோற்றுப் பருக்கைகளை ஒதுக்கினார். தொண்டையைச் சரி செய்துகொண்டார்.

"சாப்பாடும் ஆச்சு, குடிச்சும் ஆச்சு. இனிமே கேட்டாத் தப்பில்ல. தம்பி யாரு, எந்த ஊரு, யார் வீட்டுக்குன்னு கிளம்பி வந்தீங்க?"

மெடெர் சிரித்தான். "என்ன ஐயா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? உங்க பொண்ணைக் கேட்டுத்தானே வந்திருக்கேன்."

பெரியவர் மைரமைப் பார்த்தார். மைரம் பெரியவரைப் பார்த்தாள்.

"எனக்கு எல்லாம் பசங்கதானே தம்பி," என்றார் பெரியவர், மிகவும் வருத்தப்பட்டு. "பொண்ணே கிடையாதே."

மெடெரின் கை கிண்ணத்தின் மேலேயே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கோமூஸை நிதானமாக உறையில் போட்டு, கயிற்றை முடிந்தார்.

"எனக்கு ஒருத்தி இருக்கா," என்றார். "மைரம், தம்பிக்குக் கிண்ணம் நிறைய ஊத்தும்மா."